விசைக்கும் பாலத்துக்கும் நடுவே

பழையதை வேரோடு எடுத்தால்தான் அதைவிடப் பழையதை ஏற்ற முடியும். இந்த ஒன்பது நாளில் மாதையன் கற்றுக்கொண்ட பாடம் அது. திரையின் நடுவில் நீலக்கோடு ஒன்று இடமிருந்து வலமாக ஊர்ந்தது. பதினெட்டு விழுக்காடு என்றது, வெகுநேரம் பதினெட்டிலேயே நின்றது. கம்ப்யூட்டரிலிருந்து கிராபிக்ஸ் கார்டின் டிரைவரை அவர் நீக்கிக்கொண்டிருந்தார். டிரைவர் என்றால் வண்டி ஓட்டுகிறவன் அல்ல என்பதே அவருக்குப் போன வருடம்தான் தெரியும். விளையாட்டு ஏதோ சொல்லும், படம் வரைகிற கார்டுக்கு அந்தப் பாஷை புரியாது, நடுவில் நின்று எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள்தான் டிரைவர் என்று மகன் சமரன் விளக்கியபோது, "அட, லேபர் ஆபீசர்" என்றார். சமரன் அன்றைக்கு மூக்கை மூடிய கவசத்துக்குள்ளேயே சிரித்தான். மூச்சு இயந்திரம் தாளம் தப்பி இரண்டு முறை கீச்சிட்டது. சமரனுக்கு இருபத்தாறு வயது. இப்போதும் பக்கத்தில்தான் இருந்தான், மேசையை ஒட்டிய சக்கர நாற்காலியில். எட்டு வயதில் ஓட்டம் போயிற்று, பதினொன்றில் நடை, பதினாறில் கையைத் தூக்கிச் சோறு உண்பது. தசைகள் ஒவ்வொன்றாக வேலைநிறுத்தம் செய்கிற நோய் என்று ஒரு காலத்தில் மாதையன் தோழர்களிடம் சொல்லியிருக்கிறார். பிறகு அந்த உவமையை அவரே வெறுத்துக் கைவிட்டார், வேலைநிறுத்தம் செய்தவர்கள் என்றைக்காவது வேலைக்குத் திரும்புவார்கள். மடித்த துண்டின்மேல் கிடந்த வலது கையில் ஆள்காட்டி விரல் மட்டும் மிச்சம் இருந்தது. "எத்தனையிலங்கப்பா நிக்குது?" என்றான். அவன் கண்ணுக்கு நேராகத்தான் திரை இருந்தது. இருந்தாலும் கேட்டான், அப்பாவுக்கும் ஏதாவது வேலை இருக்கட்டும் என்பதுபோல. "பதினெட்டு தம்பி." "போன தடவையும் பதினெட்டுலதான் நின்னுச்சு." "அதுக்கும் ஏதோ தகராறு இருக்கும்."

போன தடவை, அதற்கு முந்தின தடவை, அதற்கும் முந்தின தடவை. இது நான்காவது. காலை பதினொரு மணி வெயில் சன்னல் வழியாக வந்து விசைப்பலகையின் பாதியில் விழுந்திருந்தது, பின்னால் கால்வாயில் தண்ணீர் விட்டிருந்தார்கள், மேட்டூரில் ஆடி மாதம் யாரும் சொல்லாமலே காதுக்குத் தெரியும். மாதையன் எழுந்து சன்னல் திரையை இழுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். சமரன் ஆடும் விளையாட்டில் வருகிற பெண்ணுக்குப் பெயர் கிடையாது. தோளில் தபால் பையை மாட்டிக்கொண்டு பனிமலையில் ஓடுவாள். ஓட்டம் தானாக நடக்கும்படி சமரன் அமைத்து வைத்திருந்தான். திரும்புகிறதை அவன் தலையசைவைப் பார்க்கிற சின்னக் கேமரா கவனித்துக்கொள்ளும். விரலுக்கு ஒரே வேலை, தாண்டுவது. மலையடிவாரத்திலிருந்து வெளியே போக ஒரே வழி ஒரு மரப்பாலம், நடுவில் பலகை உடைந்து இடைவெளி. விளிம்புக்கு வந்ததும் விசையை அழுத்தினால் தாண்டிவிடுவாள். கொஞ்சம் பிந்தினால் ஆறு. பாலத்துக்கு அந்தப்பக்கம் பார்லிக் காடு, ஒரு ஏரி, பதினாலு வீடுகள், ஒவ்வொரு வீட்டுக்கும் கடிதம். சமரன் யாரும் தள்ளாமல், யாரும் தூக்கி இறக்காமல், தனியாகப் போய்வருகிற ஒரே ஊர் அந்தப் பாலத்துக்கு அப்புறம்தான் இருந்தது. ஒன்பது நாளாக அவன் அங்கே போகவில்லை. ஒன்பது நாளாக அந்தப் பெண் ஆற்றில் விழுந்துகொண்டிருந்தாள்.

புது டிரைவரைப் போட்டது நான்தான். மாதையனின் நினைப்பு எங்கே சுற்றினாலும் இந்த முளையில் வந்து கட்டிக்கொண்டது. முப்பத்தொன்று புள்ளி ஆறாம் பதிப்பு வந்திருக்கிறது என்று திரை மூலையில் அறிவிப்பு எட்டிப்பார்த்தபோது சமரன் வேண்டாம் என்றுதான் சொன்னான். "நல்லா ஓடிட்டிருக்கறதத் தொட வேண்டாங்கப்பா." இவர்தான் கேட்கவில்லை. அந்த டிரைவரோடு எட்டுப் பக்கத்துக்கு ஒரு குறிப்பு வந்திருந்தது. மில் வாசலில் கொடுத்த துண்டறிக்கைகளை எழுத்துக்கூட்டி வாசித்து ஆளானவர் அவர். ஆங்கிலம் அவருக்குத் தொழிலாளர் கோர்ட்டுத் தீர்ப்புகளிலிருந்து வந்தது. அச்சில் ஏறிய எதையும் அடியில் இருக்கிற அச்சகத்தின் பெயர்வரை படிக்காமல் மடிக்க மாட்டார். அகராதியை மடியில் வைத்து ஒரு பகல் முழுக்க எட்டுப் பக்கத்தையும் வாசித்தார். புதியவை, சரிசெய்யப்பட்டவை என்று வந்து, கடைசித் தலைப்பாகத் தெரிந்த குறைகள் என்று இருந்தது. அங்கேதான் அவர் மனம் விழுந்தது. தன் குறையைத் தானே வரிசை போட்டு அச்சடித்துக் கொடுக்கிற நிர்வாகத்தை நாற்பது வருடத்தில் அவர் பார்த்ததில்லை. சங்கத்தையும் பார்த்ததில்லை. கட்சியைப் பற்றிப் பேசவே வேண்டாம். இவன் நேர்மையானவன், இவனை நம்பலாம் என்று நினைத்தார். விளையாட்டுகளில் பதினோரு விழுக்காடு வரை வேகம் கூடும் என்று முதல் பக்கத்தில் எழுதியிருந்தான். 'வரை' என்ற சொல்லில் அவர் உஷாராகியிருக்க வேண்டும். லீவுப் பேச்சுவார்த்தையில் 'பத்து நாள் வரை' என்பதில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு நாள்கூட வாங்க முடியாமல் திரும்பிய ஆள். கூட்டித்தான் பார்ப்போமே என்று அழுத்திவிட்டார். பையனுக்கு ஏதாவது ஒன்று கூடட்டும், எல்லாமே குறைந்துகொண்டே வருகிற இடத்தில் பதினோரு விழுக்காடு கூடட்டும். இப்படித்தானே நினைத்தேன். இதில் என்ன தப்பு.

முதல் நாளே திரை ஒரு முறை கறுத்து, மூன்று நொடி கழித்துத் திரும்பி வந்தது. அது நிசம், அதற்குச் சாட்சி உண்டு, இரண்டு பேரும் பார்த்தார்கள். அன்று சாயங்காலம் அந்தப் பெண் பாலத்தில் முதல் முறையாக விழுந்தாள். "அழுத்துனதுக்கு அப்புறம் கொஞ்சம் கழிச்சுத்தான் தாண்டுது" என்றான் சமரன். "டிரைவர்ல பிந்துது போல." மறுநாள் பதினோரு தடவை விழுந்தாள். மாதையன் எட்டுப் பக்கத்தை மறுபடி எடுத்தார். தெரிந்த குறைகளில் ஐந்தாவதாக, 'சிலருக்குச் சில விளையாட்டுகளில் சிறு தடங்கல் தோன்றலாம்' என்று இருந்தது. சிலருக்கு. யார் அந்தச் சிலர், எந்த ஊர், எத்தனை பேர்? சிலர் என்று நிர்வாகம் எழுதினால் பலர் என்று படிக்க வேண்டும் என்று எத்தனை வாயிற்கூட்டத்தில் பேசியிருப்பார். ரத்தம் பழைய சூட்டுக்கு வந்தது. கம்பெனி தன் வாடிக்கையாளர்களுக்காக நடத்துகிற இணைய மன்றத்தில் சமரனின் பெயரில் நுழைந்து குற்றப்பத்திரிகை எழுதினார். எண் போட்டு ஒன்பது குற்றச்சாட்டுகள். எட்டாவதில், இயந்திரத்தை நம்பி உயிர் வைத்திருக்கும் ஒரு இளைஞனின் கடைசிச் சுதந்திரத்தைத் தட்டிப் பறித்தவர்கள் என்று எழுதினார். சமரன் அதைப் படித்துவிட்டு, "கடைசின்னெல்லாம் எதுக்குங்கப்பா" என்று மட்டும் சொன்னான். அவர் அழித்துவிட்டு 'ஒரே' என்று மாற்றினார். எங்கோ ஒரு நாட்டிலிருந்து ஒருத்தன், அதே கார்டு, அதே விளையாட்டு, எனக்கு நன்றாக ஓடுகிறதே என்று பதில் போட்டான். "கருங்காலி" என்றார் மாதையன். "அவனுக்கு நல்லா ஓடுனா அவன் கருங்காலியாங்கப்பா?" "நம்ம கஷ்டத்துல நிக்கிறப்ப எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லைன்னு வந்து சொல்றவன் வேற யாரு?" கம்பெனி ஆள் என்று முத்திரை போட்ட இன்னொருவன் மரியாதையாகத்தான் கேட்டான்: விசையும் விரலும் திரையும் ஒரே சட்டகத்தில் தெரிகிற மாதிரி, செல்போனில் மெதுவோட்டப் படமாக எடுத்து அனுப்ப முடியுமா, எத்தனை பிந்துகிறது என்று கணக்கெடுக்கிறோம். முடியும் என்று எழுதினார் மாதையன். ஆதாரம் கேட்டால் ஆதாரம். அன்றைக்கு அவர் நெஞ்சு எவ்வளவு நிமிர்ந்திருந்தது.

கோடு நகர்ந்து எழுபதுக்குப் போனது, தொண்ணூறு, பிறகு திரை கறுத்தது. இது குறையல்ல. டிரைவர் போய்விட்டால் எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் சில நொடி எல்லாம் இருட்டாகிவிடும், பிறகு கம்ப்யூட்டர் தனக்குத் தெரிந்த மொண்ணைப் படத்தோடு திரும்பி வரும். தெரிந்தே இருந்தாலும் ஒவ்வொரு முறையும் அந்த இருட்டில் மாதையனுக்குக் கால் நழுவும். கறுத்த கண்ணாடியில் இரண்டு பேரின் முகமும் தெரிந்தது, ஒன்றில் கவசம். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். அதில் தெரிந்துவிடும், நான்கு நாளாக அவர் முகத்தில் இருப்பது தெரிந்துவிடும். நான்கு நாளுக்கு முன்புதான் அந்தப் படத்தை எடுத்தார். எட்டு மடங்கு மெதுவாக ஓடும் படம். எடுத்துக்கொண்டு போய்க் கால்வாய்க் கரையில் நின்று பார்த்தார், கம்பெனிக்காரன் முகத்தில் அதை எறியப் போகிற குஷியில். விரல் விசையைத் தொட்டது, விசை இறங்கியது, இறங்கிய அந்தக் கணமே திரையில் அந்தப் பெண் எம்பினாள். நடுவில் ஒன்றும் இல்லை. ஒரு மயிரிழை பிந்தல் இல்லை. டிரைவர் தன் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தது. ஆனால் விசை இறங்கியபோது அவள் கால் ஏற்கெனவே விளிம்பைக் கடந்து காற்றில் இருந்தது. ஏன் என்று படத்தைப் பின்னுக்கு இழுத்தார். அப்போதுதான் விரலைப் பார்த்தார். அவள் பாலத்தில் ஏறி நாலாவது பலகையில் இருக்கும்போதே விரல் புறப்பட்டுவிட்டது. சரியான நேரத்துக்குத்தான் புறப்பட்டது, போன மாதம் புறப்பட்ட அதே பலகையில். புறப்பட்டு, நடுங்கி, ஒரு நெல்மணி அளவுக்குக் கீழே போய், நின்று, மறுபடி முயன்று, வந்துகொண்டே இருந்தது. எட்டு மடங்கு மெதுவில் அந்தப் பயணம் முடியவே இல்லை. கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண் என்ன தோழர், தேள் கொட்டின மாதிரி நிக்கறீங்க என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றார். வீட்டுக்கு வந்ததும், "அனுப்பிட்டீங்களாங்கப்பா?" என்றான் சமரன். "போன்ல இடமில்ல தம்பி. படம் பதியல." அதைத்தான் சொன்னார். வாழ்க்கையில் முதன்முதலாகத் தன் சாட்சியத்தைத் தானே மறைத்தார்.

மனித விரலுக்குக் கடிகாரம் வைக்காதே. இது அவர் எழுதிய வாசகம், இருபத்தொன்பது வயதில், சுவரில் நீலத்தில். நூல்மில்லில் அவர் சைடர், அதாவது நூல் சுற்றிக்கொண்டு ஓடுகிற கதிர்களுக்கு முன்னால் நடந்துகொண்டே அறுந்த நூலை ஒட்டுகிறவர். ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் ஒரு முறை உருண்டால் ஒட்டிவிடும், பார்க்கிறவன் கண்ணுக்கு நூல் அறுந்ததே தெரியாது. பெங்களூரிலிருந்து டைம் ஸ்டடி பண்ண ஒரு அதிகாரியைக் கூட்டி வந்தார்கள். வெள்ளைச் சட்டை, கையில் நிறுத்துக் கடிகாரம். இவர் விரலுக்குப் பக்கத்தில் வந்து நின்று டிக் என்று அழுத்துவான், ஒட்டி முடித்ததும் டிக் என்று நிறுத்துவான், அட்டையில் எழுதுவான். அந்த எண்ணை வைத்து ஆளுக்கு இத்தனை கதிர் என்று கூட்டுவார்கள். வேலைப்பளு, வேலைப்பளு என்று கத்தியது அதற்குத்தான். கடிகாரம் டிக் என்றால் கையை உயர்த்திவிட வேண்டும் என்று அவர் வழி சொன்னார். பதினோரு நாள், கடிகாரம் அழுந்தின இடத்திலெல்லாம் கைகள் மேலே எழுந்தன, நூல் அறுந்து பஞ்சு பறந்தது. பன்னிரண்டாம் நாள் வெள்ளைச் சட்டை பஸ் ஏறிப் போய்விட்டான். அந்தப் பதினோரு நாளை அவர் இன்னும் பழைய பதக்கம்போலத் துடைத்து வைத்திருக்கிறார். அந்தக் கை இப்போது செல்போனைப் பிடித்துக்கொண்டு பெற்ற பிள்ளையின் விரலுக்குக் கடிகாரம் வைத்துவிட்டது. எண்ணையும் தெரிந்துகொண்டது. அந்த எண்ணை அவர் யாரிடமும் சொல்லப் போவதில்லை. வெள்ளைச் சட்டைக்காரனுக்கும் ஒரு பிள்ளை இருந்திருக்குமா என்று இத்தனை வருடத்தில் தோன்றாத எண்ணம் ஒன்று வந்தது. அதைத் தள்ளினார். போன மாதம் பாலத்தைத் தாண்டினானே, புது டிரைவர் வருவதற்கு முந்தின நாள்கூடத் தாண்டினானே. அப்போதும் மயிரிழையில்தான் தாண்டியிருப்பான். நாங்கள் அவள் தாண்டினதைப் பார்த்தோம், எத்தனை இழை மிச்சம் என்று யார் பார்த்தது. அந்த வாரம் அது தீர்ந்துபோயிருக்கிறது, அதே வாரம் முப்பத்தொன்று புள்ளி ஆறு வந்து மாட்டிக்கொண்டது. ஒருத்தன் சரியாக அந்த நேரத்தில் வாசலில் வந்து நின்றதற்காக அவன்மேல் ஒன்பது குற்றச்சாட்டு.

வேறு யார்மேல் போடுவது. யார்மேலாவது போடாமல் மாதையனுக்கு இருக்க முடிந்ததில்லை. சமரனுக்கு ஆறு வயதில் வேலூரில் பெரிய டாக்டர் ஒரு தாளில் கோடு கோடாக வரைந்து காட்டினார்: இது தாய் வழியாக வருகிற நோய், தாய்க்கு இருக்காது, சுமந்து கொடுப்பாள், அவள் குற்றமும் இல்லை. கடைசிச் சொல்லை மாதையன் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் மனைவி தவமணி பையனுக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். "அப்ப உங்க வீட்டு வழி" என்றார். நான்கே சொல். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் குற்றவாளியைக் கண்டுபிடித்தாகிவிட்டது. அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. சுளையிலிருந்த வெள்ளை நாரை ஒவ்வொன்றாக எடுத்தாள், ரொம்ப நேரம் எடுத்தாள், பையன் வாயைத் திறந்துகொண்டே காத்திருந்தான். அதற்குப் பிறகு பதினாலு வருடம் உயிரோடு இருந்தாள். பையனைத் தூக்கினாள், குளிப்பாட்டினாள், ராத்திரிக்கு நாலு முறை புரட்டிப் போட்டாள். அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, இவரும் எடுக்கவில்லை. துண்டறிக்கையில் பிழை வந்தால் மறு அறிக்கை போட வேண்டும் என்று கீழே வேலை செய்கிற பையன்களுக்குச் சொல்வார். தன் வாயிலிருந்து வந்ததற்கு மட்டும் மறு அறிக்கை கிடையாது. ஆறு வருடம் முன்பு மஞ்சள்காமாலையில் படுத்தாள், பதினெட்டு நாள். சொல்லியிருக்கலாம். பதினெட்டு நாளில் ஒரு நாள் சொல்லியிருக்கலாம். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் இருந்தார்கள் என்பது ஒரு காரணமா. பத்தாயிரம் பேர் முன்னால் பேசின வாய்.

"அப்பா. வந்துருச்சு." திரை பெரிய பெரிய எழுத்துகளோடு திரும்பி வந்திருந்தது. மாதையன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பங்குனி மாதத்து டிரைவரைத் தேடி எடுத்து ஏற்றினார். பாலத்தைச் சமரன் முதன்முதலாகத் தாண்டியது அதில்தான். ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்துகொண்டே ஏற்றுவது எத்தனை வேலை. ஏற்றிக்கொண்டிருக்கும்வரை குற்றம் டிரைவருடையதாக இருக்கும். இதற்கும் முன்னால் மாசி மாதத்தது இருக்கிறது, தை இருக்கிறது, போன வருடத்தது முழுக்க அந்தப் பக்கத்தில் வரிசையாக இருக்கிறது. ஒவ்வொன்றாக இறங்கிப் போகலாம். ஒவ்வொன்றும் இரண்டு நாள், மூன்று நாள் தாங்கும். கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது. விளையாட்டு திறந்தது. மேல் மூலையில் நொடிக்கு எத்தனை படம் என்று காட்டுகிற எண் எழுபத்திரண்டு, எழுபத்தொன்று, எழுபத்திரண்டு என்று நல்ல நாடிபோல அடித்தது. சமரன் தலையை லேசாகச் சாய்த்தான், அந்தப் பெண் பனியில் ஓடத் தொடங்கினாள். மாதையன் திரையைப் பார்க்காமல் துண்டின்மேல் இருந்த விரலைப் பார்த்தார். பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தார். அது புறப்பட்டது. போ, போ, போய்விடு என்று பல்லைக் கடித்தார். ஆற்றுத் தண்ணீரின் சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. மறுபடி ஓடினாள். மறுபடி தண்ணீர். ஐந்து முறை. "ம்" என்றான் சமரன். மூச்சு இயந்திரம் இரண்டு மூச்சு வாங்கிக்கொடுத்தது. "இதுலயும் பிந்துதுங்கப்பா."

"இதுலயுமா? அயோக்கியப் பசங்க. எல்லாத்துலயும் ஒரே கோளாறத்தான் வெச்சிருக்கான்" என்றார் மாதையன். குரல் மேடைக்குரலாகக் கிளம்பிப் பாதியில் மெலிந்தது. "மாசி மாசத்தது ஒண்ணு இருக்குது. அதப் போட்டுப் பாத்துருவோம்." சமரன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான், "நீங்க ஒரு தடவ அழுத்திப் பாருங்க." "நானா? எனக்கு இதெல்லாம் எங்கடா தெரியும்." "ஒரு விசைதானே. நாலாவது பலகையிலருந்து எண்ணிட்டு விளிம்புல அழுத்துங்க. ஓட்டத்த நான் பாத்துக்கறேன்." மாதையன் எழுந்து வந்தார். விசைமேல் கிடந்த அவன் கையை எடுத்தால்தான் தன் கையை வைக்க முடியும். எடுத்தார். எவ்வளவு கனமில்லாமல் இருந்தது, நூலெல்லாம் தீர்ந்த காலிக் கட்டைபோல. அதைத் துண்டின் ஓரத்தில் உள்ளங்கை கீழாக வைத்தார். தன் விரலை விசையில் வைத்தார். அறுபத்தாறு வயது விரல், நகத்தோரம் நூல் அறுத்த பழைய தழும்பு. பெண் ஓடி வந்தாள். முடிவு செய்துவிட்டார். பிந்தி அழுத்துவேன். என் கையிலும் விழுந்தால் குற்றம் டிரைவருடையது. பொய்தான், போகட்டும், நிர்வாகம் சொன்ன பொய்யெல்லாம் யாரையோ பிழிவதற்காகச் சொன்னது, இது அப்படியல்ல. நாலாவது பலகை, ஐந்து, ஆறு, விளிம்பு. விரலைப் பிடித்துவைத்தார். போனாள். அழுத்தினார். தண்ணீர்ச் சத்தம்.

"பாத்தியா?" என்றார் மாதையன். "எனக்கும் அதேதான். நான் அழுத்திட்டேன், அவ தாண்டல." "அப்பா" என்றான் சமரன். "விசை சத்தம் கேட்டுச்சு." "என்ன சத்தம்?" "கட்டுனு கேக்கும்ல, அது. அவ விழுந்தப்புறம் கேட்டுச்சு." மாதையன் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஒன்பது நாளா அந்தச் சத்தத்தத்தான் கேட்டுட்டிருக்கேன்" என்றான் சமரன். கோபமில்லாத குரல், அலுப்பும் இல்லை. "ஒழுங்கா அழுத்துங்க." பெண் மலையடிவாரத்தில் மறுபடி எழுந்து பனியைத் தட்டிவிட்டு ஓடினாள். மாதையன் விரலை மறுபடி விசையில் ஊன்றினார். இன்னொரு முறையும் பிந்தலாம். அவன் கேட்பான். வேண்டாம் என்று மறுத்துக் கையை எடுக்கலாம். அதுவும் பதில்தான். தொழிலாளிக்கு உண்மைக் கணக்கைக் காட்டு என்று எத்தனை கதவைத் தட்டியிருப்பார், உள்ளே இருந்தவன் எப்படித் தவித்திருப்பான் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. நாலாவது பலகை. ஐந்து. ஆறு. விரல் தானாகவே தெரிந்துவைத்திருந்தது, அறுந்த நூலுக்குக் குனிகிற மாதிரி. கட்டென்றது விசை. அவள் எம்பினாள், இடைவெளிக்கு மேலே பை ஒரு முறை தோளில் துள்ளியது, அந்தப்பக்கத்துப் பலகையில் கால் ஊன்றி, நிற்காமல் ஓடினாள்.

பார்லிக் காடு திறந்தது. ஒன்பது நாளாகப் பார்க்காத காடு, வெயில் சாய்ந்து, கதிர் ஒவ்வொன்றும் தனித்தனியாக அசைந்தது. மூலையில் எழுபத்திரண்டு, எழுபத்திரண்டு, எழுபத்திரண்டு. மாதையன் மகன் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் தன் முகம் காட்டிக்கொடுக்கும் என்று இல்லை, இனிக் காட்டிக்கொடுக்க ஒன்றும் இல்லை. அவனுக்கு அவன் முகம் மட்டுமாவது தனியாக இருக்கட்டும் என்று இருந்தார். இயந்திரம் மூச்சு கொடுத்தது, வாங்கியது. ஏழோ எட்டோ முறை. "டிரைவர் நல்லாத்தான் இருக்குது" என்றான் சமரன். "ஆமா தம்பி." "எல்லாமேவா?" "எல்லாமே. அந்த மொத நாள் கறுத்துச்சே, அது ஒண்ணுதான் அவன் தப்பு." "உங்களுக்கு எப்பத் தெரியும்?" "நாலு நாளா." "படம் பதிஞ்சிருச்சுல்ல?" "பதிஞ்சிருச்சு." பெண் காட்டின் வரப்பில் ஓடிக்கொண்டே இருந்தாள், அவளுக்குத் தானாக நிற்கத் தெரியாது. மன்னிச்சுக்க என்று ஒரு சொல் மாதையன் நாக்கில் வந்து நின்றது, யாருக்கு என்று தெரியாமல் நின்றது. மகன்தான் முந்திக்கொண்டான். "கைய எடுத்துராதீங்க. அங்க ஓடை வருது. நான் சொல்றப்ப அழுத்துங்க." பிறகு, "இப்ப" என்றான். மாதையன் அழுத்தினார். அவள் ஓடையில் விழுந்தாள்.

"லேட்டுப்பா." "நீ சொன்னதும் அழுத்திட்டனே." "நான் சொல்லி, அது உங்க காதுல விழுந்து, நீங்க அழுத்தறதுக்குள்ள அவ மூணு அடி போயிடறா. இருங்க, நான் முன்னாடியே சொல்றேன்." பாலத்தை மாதையன் தானே பார்த்துத் தாண்டவைத்தார். காடு. வரப்பு. ஓடை தூரத்தில் வெள்ளிக்கோடாகத் தெரிந்தது. "இப்ப" என்றான் சமரன். எங்கே இப்ப, இன்னும் அவ்வளவு தூரம் இருக்கிறதே என்று கண் சொன்னது, விரல் கண்ணைக் கேட்டுத் தயங்கியது. தண்ணீர். "ஏங்கப்பா, நான் சொல்றதக் கேக்கறதா, நீங்களா முடிவெடுக்கறதா? யூனியன் லீடராட்டம் பண்ணாதீங்க." மாதையனுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு சேர்ந்து வேறொன்றும் வந்தது, இரண்டையும் விழுங்கினார். "இன்னும் தூரம் இருந்துச்சு தம்பி." "உங்க கண்ணுக்கு. நீங்க பாக்காதீங்க. பாலத்துலருந்தே நான் சொல்றேன், கண்ண மூடிக்குங்க." ஒருத்தன் சொல்கிறான் என்று கண்ணை மூடிக்கொண்டு அவர் எதையும் செய்ததில்லை. அடுத்தவன் வாசித்துக் காட்டிய தாளில் ஒரு முறைகூடக் கையெழுத்துப் போட்டதில்லை. மூடினார். வெளிச்சம் இமைக்குள் சிவப்பாகக் கொஞ்ச நேரம் நின்று அடங்கியது. கால்வாய்ச் சத்தம், இயந்திரத்தின் மூச்சு, பனியில் அவள் காலடி சரக் சரக்கென்று. விரலுக்கடியில் விசை, அழுந்தாமல், அழுந்தத் தயாராக. பக்கத்தில் துண்டின்மேல் எதுவோ மிக லேசாக அசைந்து அவர் சுண்டுவிரலைத் தொட்டது, அவன் விரல்தான், அது இன்னும் புறப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. காலடி மரத்தில் ஏறியது. மாதையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு தன் பிள்ளையின் வாய்ச்சொல்லுக்குக் காத்திருந்தார்.